தொண்டுப்பணியால் பல்கலைக்கழக மாணவருக்கு என்ன பயன்?

விரிவுரைக்கும் பரீட்சைக்கும் நடுவே தொண்டுப்பணிக்கு நேரம் ஒதுக்கினால், சான்றிதழைத் தவிர வேறென்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். சான்றிதழுக்காக மட்டும் போவதாயின், போகாமலிருப்பதே நல்லது என்பேன்.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து, கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியபோது, உலர் உணவுப் பொதி கட்டச் சென்ற எங்களுக்கு முதல் நாளே எங்கள் தவறு புரிந்தது. அரிசியும் பருப்பும் கிராம் பிசகாமல் நிறுத்துக் கட்டியிருந்தோம். ஆனால் அடுப்பையும் பானையையும் வெள்ளத்தில் பறிகொடுத்தவர்கள் அவற்றை எதில் சமைப்பார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மறுநாள் பாணும் பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு சென்றோம். முகாமைத்துவப் பாடத்தில் மனனம் செய்திருந்த ‘தேவை மதிப்பீடு’ என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

கொழும்பில் படிக்கும் தமிழ் மாணவருக்கு மொழி சார்ந்த பயனும் உண்டு. சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி கிளினிக்கில் விழித்து நிற்கும் மலையகத்து முதியவருக்கு அதை நிரப்பிக் கொடுக்கும்போது, அவருடைய வேலையும் முடிகிறது, நமது அரைகுறைச் சிங்களமும் திருந்துகிறது.

நேரமே இல்லையென்றால், நாரஹேன்பிட்டியிலுள்ள இரத்த வங்கிக்குச் செல்லலாம். 18 வயது நிரம்பி, 50 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல ஆரோக்கியமும் உடையவர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இரத்ததானம் செய்யலாம். அதற்கு ஒரு காலைப்பொழுது போதும்.