பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஹாஸ்டலில்தான் விட வேண்டும். "கண்ணு தெரியாத புள்ளைய ஊரான்கிட்ட விடுறதா" என்று மாமியார் அழுகிறார். வீட்டிலேயே வைத்து வாயால் பாடம் சொல்லிக்கொடுத்தால் போதாதா? (ஒரு தாய், விளாத்திகுளம் வட்டம்)

பதில்: போதாதம்மா. உங்கள் மாமியார் பாசத்தில்தான் அழுகிறார், அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் பார்வை இல்லை. ஆறு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அப்பா போன அன்று, ராத்திரி முழுக்க அழுதேன். ஆனால் அதுவரை வீட்டில் அம்மா எனக்குச் சோறு ஊட்டித்தான் விட்டாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது அக்கா. இரண்டையும் நானே செய்துகொள்ளப் பழகியது அந்த ஹாஸ்டலில்தான்.

வாயால் சொல்லிக்கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காதால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு 'மனம்', 'மணம்' இரண்டுக்கும் எழுத்து வேறு என்பதே தெரியாமல் போகும், எந்த ர, எந்த ற என்பதும் குழம்பும். எழுத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் எழுத்து மனதில் நிற்கும். அதற்குத்தான் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் எழுத்து, மொத்தமே ஆறு புள்ளிகள். தமிழ் பிரெய்ல், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951-ல் வந்த பாரதி பிரெய்லைச் சேர்ந்தது. ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். விரல் இளசாக இருக்கும்போதே தினமும் பழகினால் தானாக வந்துவிடும், இருபது வயதில் தொடங்கினால் வெகு பாடு.

ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம் என்றால், உள்ளூர்ப் பள்ளியிலும் சேர்க்கலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி உண்டு, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. தலைமையாசிரியர் தயங்கினால் இதைச் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், போய்ப் பார்த்துப் பேசுங்கள். ஆனால் அவர்கள் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர்கள், உங்கள் பிள்ளைக்கு நாள்தோறும் கிடைக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது பாளையங்கோட்டையில் இருப்பது மாதிரி ஒரு சிறப்புப் பள்ளி, பிரெய்லும் தனியாக நடமாடுவதும் கைவந்த பிறகு ஊர்ப் பள்ளி. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரிக்கு ஐந்து வயதில் பார்வை போனது. பெற்றோர் புத்தகங்களை வாசித்துக்காட்ட, 2019-ம் ஆண்டு குடிமைப்பணித் தேர்வில் 286-வது இடம் பிடித்தார். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது அந்த வாசிப்பு. பள்ளிக்கூடத்துக்கு அது துணைதான், மாற்று இல்லை.

கேள்வி: வயது 24, மெக்கானிக்கல் டிப்ளமோ. சின்ன வயதில் மாலைக்கண் என்றார்கள், இப்போது பகலிலும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறது. வேலையை விட்டுவிட்டேன். மெழுகுவத்திப் பயிற்சிக்குப் போ என்கிறார்கள். போகலாமா? (ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: தம்பி, போவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: செய்த மெழுகுவத்தியை உங்கள் ஊரில் யார் வாங்குவார்கள்? நான் ஓர் இடத்தில் ஆறு மாதம் நாற்காலிக்குப் பிரம்பு பின்னக் கற்றேன். சான்றிதழ் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தால் பிரம்பும் கிடைக்கவில்லை, பின்னச் சொல்லி நாற்காலி கொண்டுவரவும் ஆள் இல்லை. ஆறு மாதம் போனது போனதுதான். கைத்தொழில் மட்டம் என்று சொல்லவில்லை. டிப்ளமோ படித்தவரைக்கூட யோசிக்காமல் மெழுகுவத்தி பக்கம் தள்ளிவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

முதலில் வெள்ளைக் கோல். கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கும்போதே அதை எடுத்துப் பழகுங்கள், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். அப்புறம் கணினி. என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம், தமிழும் படிக்கும். ஆண்ட்ராய்டு போனில் திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் டாக்பேக் இருக்கிறது, இன்றைக்கே போட்டுப் பாருங்கள். பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள். கையோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் நமக்கு. தேர்வில் ஸ்கிரைப், அதாவது நாம் சொல்லச் சொல்ல எழுதித் தருபவர், வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் கேட்கலாம். ஸ்கிரைபைத் தேர்வுக்கு முந்தின நாள் தேடாதீர்கள். இரண்டு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து பழைய வினாத்தாள்களை எழுதிப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை இல்லை, படிக்கவும் இல்லை, வயது 30 ஆகிறது. ஆடு மாடு வளர்க்க முடியுமா? (ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்)

பதில்: தாராளமாக முடியும். குஜராத்தில் பான்சா என்ற ஊரில் பார்வையற்றோருக்கு விவசாயமும் கிராமத் தொழிலும் கற்றுக்கொடுக்கவே ஒரு மையம் இருக்கிறது. பால் கறப்பது கையும் காதும் செய்கிற வேலை. கொல்லை வாசலிலிருந்து தொழுவத்துக்கு இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள், ஆட்டுக்குக் கழுத்தில் மணி கட்டுங்கள், தவிட்டு மூட்டையையும் வாளியையும் வைத்த இடத்திலிருந்து யாரும் நகர்த்தாதீர்கள். கடனுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், போகும்போது தம்பியையும் கூட்டிப்போங்கள், கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லட்டும். மாடு அவர் பெயரில் இருக்கட்டும். பால் காசை அவரே வாங்கட்டும். ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட 'மணி' செயலியைப் போனில் ஏற்றிக்கொடுங்கள், நோட்டைக் கேமரா முன் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லிவிடும்.