பழுதான மோட்டார் சைக்கிளை ஏற்றிவர எந்த ட்ரெய்லர் பொருந்தும்?

களுவாஞ்சிகுடியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வெல்லாவெளி, மண்டூர், பழுகாமம் என்று படுவான்கரைப் பக்கம் வழியில் நின்றுபோகும் பைக்குகளை இதுவரை உழவு இயந்திரப் பெட்டியில் நாலு பேர் பிடித்து ஏற்றித்தான் கடைக்குக் கொண்டுவருகிறோம். என்னிடம் பழைய டொல்பின் வேன் ஒன்று உண்டு. அதன் பின்னால் பூட்டி இழுக்க ஒரு ட்ரெய்லர் எடுக்க நினைக்கிறேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் ஆட்டோச் சில்லுப் போட்டு, இரண்டு பைக் ஏற்றக்கூடிய மாதிரிச் செய்து தருவதாகச் சொல்கிறார். பாசிக்குடாவில் படகு ஏற்றிய ட்ரெய்லர் ஒன்றும் விலைக்கு நிற்கிறது. எதை எடுக்கலாம், ஐயா?"

இப்போது இருக்கிறபடி இரண்டில் எதையும் எடுக்க வேண்டாம். பட்டறையில் செய்விப்பதே உங்கள் தொழிலுக்குப் பொருத்தம். ஆனால் சில்லின் அளவையும் அச்சு வரவேண்டிய இடத்தையும் பட்டறைக்காரரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடாமல் நீங்களே அளந்து சொல்ல வேண்டும். நமது பகுதிப் பட்டறைகளுக்கு ட்ரெய்லர் என்றாலே உழவு இயந்திரப் பெட்டிதான் நினைவுக்கு வரும். நெல் மூட்டையும் மணலும் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போகும் அந்தப் பெட்டிக்கு இரும்பு கூடக்கூட நல்லது என்று அவர்கள் எண்ணுவதில் தவறில்லை. நீங்கள் ஏற்றப்போவது அப்படியான சுமையன்று. டியோ ஸ்கூட்டர் 105 கிலோ அளவிலும் பல்சர் 150 சுமார் 145 கிலோ அளவிலும் இருக்கும். ரோயல் என்பீல்ட் கிளாசிக் 350 கூட 195 கிலோவைச் சுற்றித்தான் வரும். இந்தச் சுமைக்கு 300 கிலோவில் ஒரு பெட்டி செய்து, வேனில் கழற்றிய தகட்டு ஸ்பிரிங்கையும் அதில் பூட்டினால், ஸ்பிரிங் வளைந்து கொடுக்கவே மாட்டாது. ஒவ்வொரு குழியிலும் பெட்டியே துள்ளும். கட்டியிருக்கும் பைக்கும் சேர்ந்து துள்ளும். வெறும் ட்ரெய்லர் 130 கிலோவைத் தாண்டாமல் இருக்கட்டும். தகட்டு ஸ்பிரிங்தான் கிடைக்கிறதென்றால், பைக்கை ஏற்றியதும் கண்ணுக்குத் தெரியுமளவு ஸ்பிரிங் தாழும்வரை தகடுகளைக் குறைத்துவிடச் சொல்லுங்கள்.

இனி அச்சுக்கு வருவோம். ட்ரெய்லரின் முழு எடையில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொழுவியில், அதாவது வேனோடு பூட்டும் இடத்தில், அழுந்த வேண்டும். அதைவிடக் குறைந்தால் ட்ரெய்லர் மாடு வாலை ஆட்டுவதுபோல இரு பக்கமும் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட அந்த ஆட்டமும் பெருத்து, கடைசியில் வேனையே இழுத்துத் திருப்பிவிடும். அளவுக்கு மிஞ்சினால் வேனின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சில்லுகளில் பாரம் குறைந்து, ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் இலேசாகும். டொல்பின் போன்ற வேனில் கொழுவி பின்னச்சுக்கு வெகுதூரம் பின்னால் வருவதால் இந்த இரண்டாவது கோளாறையும் அலட்சியம் செய்யக் கூடாது.

கணக்காகவே பார்த்துவிடலாம். வெறும் ட்ரெய்லர் 130 கிலோ, பைக் 140 கிலோ, கொழுவியிலிருந்து அச்சுக்கு 2.2 மீற்றர், வெறுமையாக நிற்கும்போது கொழுவியில் 12 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைக்கின் எடை மையம் அச்சுக்கு 25 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால் கொழுவியில் மேலும் 16 கிலோ சேர்ந்து 28 கிலோ ஆகும். மொத்தம் 270 கிலோவுக்கு அது 10 சதவீதம். அதே பைக்கை, முன்சில்லைக் கவ்விப் பிடிக்கும் தடைவரை தள்ளாமல் 35 சென்ரிமீற்றர் பின்னால் நிறுத்திக் கட்டினால் எடை மையம் அச்சைக் கடந்து 10 சென்ரிமீற்றர் பின்னால் போய்விடும். கொழுவியில் மிஞ்சுவது 6 கிலோவுக்கும் குறைவு. ஒரு முழத்துக்கும் குறைந்த தூரம் இவ்வளவு வேலை செய்கிறது. ஆளில்லாத பைக்கின் எடை மையம் ஏறத்தாழ இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் இருக்கும். பல்சரில் முன், பின் அச்சுகளுக்கு இடையே 1.32 மீற்றர், ஆகவே அதன் முன்சில்லின் நடு, ட்ரெய்லர் அச்சுக்குச் சுமார் 90 சென்ரிமீற்றர் முன்னால் வந்தால் சரியாக இருக்கும். அச்சை எடுத்த எடுப்பில் ஒட்டிவிடாமல் யூ போல்ட்டில் பிடித்து, பைக்கை ஏற்றிக் கட்டி, வேனின் கொழுவி உயரத்துக்கு ஒரு கட்டையை நெல் நிறுக்கும் தராசில் வைத்து, அதன்மேல் ட்ரெய்லரின் முன்முனையை இறக்கிப் பாருங்கள். தராசு 27க்கும் 40க்கும் இடையில் காட்டும்வரை அச்சை முன்பின் நகர்த்துங்கள். அரை நாள் வேலைதான்.

படகு ட்ரெய்லரை நான் மறுப்பதும் பெரும்பாலும் இதனால்தான். பின்பக்கம் எஞ்சின் தொங்கும் படகுக்காக அச்சை வெகுவாகப் பின்னால் தள்ளிச் செய்த சட்டகம் அது. பைக்கை அதில் இயல்பான இடத்தில் நிறுத்தினால் பாரமெல்லாம் கொழுவிக்குப் போய்விடும். உப்புத் தண்ணீரில் இறங்கி ஏறிய ஹப்புகளை (சில்லின் நடுவில் பெயாரிங் இருக்கும் பகுதி) வேறு நம்ப முடியாது. சட்டகம் துத்தநாகம் பூசியதாகவும் பதிவுப் பத்திரங்கள் ஒழுங்காகவும் இருந்து, அச்சை நகர்த்தவும் இடமிருந்தால் மட்டும் மறுபடி யோசிக்கலாம்.

ஆட்டோவின் 4.00-8 டயர் இந்த எடையைத் தாங்காது என்பதல்ல என் கவலை. எடையைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் மணிக்கு 60 கிலோமீற்றரில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 770 தடவை சுற்ற, ஆல்ட்டோ காரின் 145/80ஆர்12 டயர் 600க்குச் சற்றுக் குறைவாகவே சுற்றும். பெயாரிங் சூடாவது ஒரு பக்கம் இருக்க, பெரிய சில்லு உருண்டு கடந்துவிடும் குழியில் சிறிய சில்லு இறங்கி இடித்துக்கொண்டு ஏறும். வயல் வீதிகளில் ஓடப்போகிற உங்களுக்கு 12 அங்குலமே ஏற்றது. சில்லுகள் தளத்துக்கு வெளியே நிற்கட்டும். அப்போது தளத்தைத் தரையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் தாழ்த்தலாம்.

பழுதான பைக் என்பதை மறந்துவிடாதீர்கள். எஞ்சின் உதவியில்லாமல், சில வேளை முன்சில்லே உருளாத நிலையில், அதைத் தள்ளி ஏற்ற வேண்டும். 45 சென்ரிமீற்றர் உயரத்துக்கு 1.2 மீற்றர் பலகை வைத்தால் சரிவு 22 பாகை. 2 மீற்றர் வைத்தால் 13 பாகை. நீளமானதையே செய்யுங்கள். பட்டறைகள் வழக்கமாகச் சில்லுக்கு ஒரு பலகை மட்டும் செய்து தரும். பக்கத்தில் பிடித்துத் தள்ளுகிறவர் எதில் கால் வைப்பது? பைக் பாதிச் சரிவில் நிற்கும்போது அவர் தரையில் நின்றால் ஹாண்டில் அவருடைய நெஞ்சுக்கு மேலே போய்விடும். ஆகவே நடப்பதற்கு இரண்டாவது பலகை ஒன்று வேண்டும்; அதுவும் செக்கர் பிளேட்டாக இல்லாமல் கம்பிவலைத் தகடாக இருந்தால் மாரிகாலச் சேற்றிலும் செருப்பு வழுக்காது. முன்பக்கம் கையால் சுற்றிக் கம்பியை இழுக்கும் சிறிய விஞ்ச் ஒன்று இருந்தால் நாலு பேரைத் தேட வேண்டியதில்லை.

இரண்டு பைக் ஏற்றும் ஆசைக்கு ஒரு வழி சொல்கிறேன். சில்லு ஓடும் தவாளிப்பை ஒட்டாமல் போல்ட்டில் பூட்டுங்கள். ஒரு பைக் என்றால் நடுவில், இரண்டு என்றால் இரு பக்கத்தில். ஒற்றைப் பைக்கை ஓரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினால் வளைவுகளில் வித்தியாசம் தெரியும். முன்சில்லைக் கவ்வும் தடையும் அகல, உயர மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். 17 அங்குலச் சில்லுக்குச் செய்த தடை ஸ்கூட்டரின் சிறிய சில்லைப் பிடிக்காது.

கட்டும் முறையில் நானே ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். முன்பக்கப் பெல்ட் இரண்டையும் சும்மா இறுகினால் போதும் என்று கட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஒரு குழியில் சில்லு விழுந்ததும் பைக்கின் முன்சில்லைத் தாங்கும் போர்க் அமுங்கியது, பெல்ட் தளர்ந்தது, கொக்கி வளையத்திலிருந்து கழன்றது. திரும்பிப் பார்க்கும்போது பைக் மறுபக்கப் பெல்ட்டில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. போர்க்கை அதன் ஓட்டத்தில் ஏறத்தாழப் பாதிவரை அமுக்கி, ரெச்சட் பெல்ட்டை முன்னோக்கியும் வெளிநோக்கியும் சரித்து இறுக்குங்கள். கொக்கியை நேரே ஹாண்டில் குழாயில் மாட்டாமல், போர்க்கின் கீழ்ப் பிடியில் துணிநாடா வளையம் ஒன்றைச் சுற்றி அதில் மாட்டுங்கள். பின்பக்கத்துக்கு இரண்டு பெல்ட். சைட் ஸ்ராண்ட் மடிந்திருக்க வேண்டும். அதில் நிறுத்திக் கட்டினால் ஸ்ராண்ட் வளையும், அல்லது பைக் அதன்மேல் துள்ளித் துள்ளிப் பெல்ட்டைத் தளர்த்தும். கார்புரேட்டர் பைக்கில் பெற்றோல் குழாயின் அடைப்பானை மூடுங்கள். முதல் 10 கிலோமீற்றரில் ஒருமுறை இறங்கிப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள்.

கொழுவி வேனின் சேஸியில் போல்ட் போட்டுப் பூட்டப்பட வேண்டும்; பம்பரில் அன்று. வேனில் வரும் உருண்டையும் அதன்மேல் கவிழும் ட்ரெய்லரின் கிண்ணமும் ஒரே அளவா என்று அளந்து வாங்குங்கள். 50 மில்லிமீற்றர் கிண்ணத்தில் 47 மில்லிமீற்றர் உருண்டை பூட்டியதுபோலவே இருக்கும்; குழியில்தான் கழன்று வரும். அதனால் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, இழுதண்டுக்குக் கீழே குறுக்காக மாட்டியபடி இருப்பது அவசியம். பிரேக் விளக்கு, சிக்னல், இலக்கத்தகட்டு விளக்கு எல்லாம் ட்ரெய்லரிலும் எரிய வேண்டும். மாலைக்குப் பிறகு வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்காக நீங்கள் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருகிறவருக்கு அது தெரிய வேண்டாமா?

ட்ரெய்லரும் தனியே பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம்தான். உழவு இயந்திரப் பெட்டிகளுக்குத் தனி இலக்கம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இரும்பு வாங்குமுன் மட்டக்களப்புக் கச்சேரியில் மோட்டார் வாகனத் திணைக்களப் பிரிவுக்குப் போய், உள்ளூரில் செய்யும் ட்ரெய்லருக்கு என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பில் எவ்வளவு எடையுள்ள ட்ரெய்லரை இழுக்கலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கடைசியாக ஹப்புகள். மாரியில் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் குறுக்கே ஓடும்போது, ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஒரு தடவை இறங்கினால் அந்தக் கிழமைக்குள் ஹப்பைத் திறந்து கிறீஸைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் முழுவதையும் துடைத்தெடுத்துப் புதிதாக நிரப்பி, சீலையும் மாற்றிப் பூட்டுங்கள்.