தம்பி சார்ஜாவில் போட்ட வீடியோ, பாறசாலையில் கேட்கும் பணம்

கேள்வி: நாங்கள் களியக்காவிளைப் பக்கம். தம்பி ஆறு வருடமாக சார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஃபேஸ்புக்கில் நிறைய எழுதுவான். துபாய் மெட்ரோ, எல்லா வேலையும் போனிலேயே முடிகிற வசதி, நம்மூர் அரசியல், அங்கே கூலிக்காரர்கள் படும் பாடு என்று எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. போன மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றதையும், இரண்டு கார் மோதிக் கிடந்ததையும், பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்களையும் மாடியிலிருந்து வீடியோ எடுத்து, கேலியாகப் பேசிப் போட்டுவிட்டான். இப்போது அவன் மேல் யாரோ புகார் கொடுத்திருப்பதாக ரூமில் உள்ள ஒருவர் சொல்கிறாராம். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில் ஒருவர், 'பேன் (பயணத் தடை) விழுந்திருக்கிறது, 85,000 ரூபாய் தந்தால் கிளியர் பண்ணித் தருகிறேன்' என்கிறார். தம்பியின் எமிரேட்ஸ் ஐடியும் ஓடிபியும் வேண்டுமாம். இணைய முகவரியை மறைக்கிற விபிஎன் போட்டால் இனி யாருக்கும் தெரியாது என்றும் சொல்கிறார். டிசம்பரில் வீட்டில் கல்யாணம். பணம் கொடுக்கலாமா? அவன் ஊருக்கு வர முடியுமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். தம்பியின் ஐடி, ஓடிபி எதுவும் அந்த ஆளின் கைக்குப் போகக் கூடாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சார்ஜாவில் ஒரு வக்கீல் ஆபீசில் 14 வருடம் அரபி மொழிபெயர்க்கும் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். அந்த நாட்டில் ஒரு புகார் பதிவானால் அது போலீசிலிருந்து பிராசிக்யூஷனுக்கு, அதாவது வழக்குத் தொடுக்கும் அரசுத் துறைக்குப் போகும், தேவைப்பட்டால் கோர்ட்டுக்குப் போகும். புகார் கொடுத்தவர் தனி ஆள் என்றால் அவர் சமாதானமாகி வாபஸ் வாங்கலாம். அபராதம் விதித்தால் அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் கட்டி ரசீது எடுக்கலாம். பாறசாலையில் இருந்துகொண்டு ஒருவர் 'கிளியர்' செய்வதற்கு இதில் எந்த இடத்திலும் வழி இல்லை. உள்ளே ஆள் வைத்து முடிக்கிறேன் என்றால் அது லஞ்சம். அங்கே லஞ்சம் தனிக் குற்றம். வீடியோவுக்கு வழக்கே வராமல் போகலாம், இதற்கு வரும்.

ஊர் திரும்பிய பிறகு விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். மகன் மேல் கேஸ் இருக்கிறது என்று சொன்ன ஒருவரிடம், சங்கிலியை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு வாங்கிய காகிதத்தை முந்தானையில் முடிந்து பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். கோர்ட்டில் கேஸ் முடிந்த ரசீது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஊதா மையில் வட்ட சீல், சுற்றிலும் அரபி எழுத்து. வாசித்துப் பார்த்தால் அது ஒரு டைப்பிங் சென்டரின் சீல். விசா விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற கடை. அந்தப் பையன் மேல் கேஸ் எதுவுமே இருந்ததில்லை. அரபியில் எழுதியிருந்தால் அரசாங்கக் காகிதம் என்று நம் ஆட்கள் நம்புவதை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

ஓடிபி கேட்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிய பயம். யுஏஇ பாஸ் என்று தம்பியின் போனில் ஒரு ஆப் இருக்கும். அந்த நாட்டில் அதுதான் அடையாள அட்டை, அதுதான் கையெழுத்தும். அரசுத் தளங்களில் நுழைவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாம் அதில் நடக்கும். போனில் வரும் கோரிக்கைக்கு 'சம்மதம்' என்று ஒரு தடவை அழுத்தினால் முடிந்தது. நீங்கள் கொடுக்கும் எண்ணை வைத்து உங்கள் தம்பி பெயரில் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே வராது. 85,000 ரூபாய் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். அவன் பெயரில் ஒரு கடன் ஏறிக் கட்டாமல் நின்றால் அதற்கு உண்மையாகவே பயணத் தடை வரலாம்.

இனி வீடியோ. அமீரகத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. வதந்தி, சைபர் குற்றம் இரண்டையும் சேர்த்து 2021இல் போட்ட 34ஆம் எண் சட்டம், 2022 ஜனவரி 2 முதல் நடப்பில் உள்ளது. உங்கள் தம்பியின் வீடியோ அதில் மூன்று இடத்தில் உரசுகிறது. அனுமதி இல்லாமல் அடுத்தவர் முகத்தைப் படம் எடுத்துப் போடுவதும், விபத்தில் சிக்கியவர்களைப் படம் எடுப்பதும் ஒன்று. அதற்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது 1,50,000 திர்ஹம் முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசாங்கத்தையோ அதன் துறைகளையோ கேலி செய்வது இரண்டாவது. அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. மூன்றாவது வதந்தி. அதற்குக் குறைந்தது ஒரு வருடச் சிறையும் 1,00,000 திர்ஹம் அபராதமும். வீடியோவில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் இந்த மூன்றாவதில் அவன் மாட்ட மாட்டான். 'இத்தனை பேர் செத்தார்களாம், மறைக்கிறார்களாம்' என்று ஏதாவது சேர்த்துச் சொல்லியிருந்தால் கதை வேறு. தண்டனை முடிந்து நாடு கடத்தவும் கோர்ட் உத்தரவிடலாம்.

சொந்தமாக எழுதினால்தான் குற்றம், வந்ததை அனுப்பினால் இல்லை என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் இருக்கிறது. தவறு. பகிர்வதும் பரப்புவதுதான். 2024 ஏப்ரல் 16ஆம் தேதி அங்கே பெய்த மழை நினைவிருக்கும். அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 1949இல் கணக்கு எடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெய்ததில்லை. விமானத்தில் போய் மேகத்தில் உப்புத் தூவியதால் வந்த வெள்ளம் என்று எத்தனை ஃபார்வர்டுகள் ஓடின! அன்றைய மழைக்கு மேக விதைப்பு நடக்கவில்லை என்று அந்த நாட்டு வானிலை மையமே சொன்னது. நம்மூர்க் குடும்ப குரூப்பில் இருந்து அங்கே உள்ள பிள்ளைக்குப் போய், அவன் அதை கேம்ப் குரூப்பில் போட்டால், பரப்பியவன் அவன்தான்.

'நம்ம சுப்ரீம் கோர்ட்டே எழுதலாம்னு சொல்லிடுச்சே' என்பார்கள். உண்மைதான். 2012இல் மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஷ்ரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24 அன்று இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே கோர்ட் தூக்கிப் போட்டது. நமக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் அது நம்மோடு வராது. தமிழில் எழுதினேன், நம்மூர் ஆட்களுக்காக எழுதினேன், நம்மூர் கட்சியைப் பற்றித்தான் எழுதினேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. எழுதும்போது எந்த மண்ணில் நின்றான் என்றுதான் பார்ப்பார்கள். 2020 ஏப்ரலில் மத வெறுப்புப் பதிவு போட்ட இந்தியர்கள் சிலருக்கு அங்கே வேலை போனது. அப்போது நம் தூதராக இருந்த பவன் கபூரே, பாகுபாடு பார்ப்பது நம் பண்புக்கும் சட்டத்துக்கும் எதிரானது, அமீரகத்தில் உள்ள இந்தியர்கள் இதை மறக்கக் கூடாது என்று பொதுவில் எழுத வேண்டி வந்தது.

விபிஎன் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு விலக்கு உண்டு, அந்த விலக்கைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். விபிஎன் என்பதே அங்கே தடை என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. கம்பெனிகளும் வங்கிகளும் தங்கள் உள் வேலைக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று 2016லேயே அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தெளிவுபடுத்தியது. உங்கள் தம்பிக்குக் கம்பெனி ஒரு போன் கொடுத்து, வேலைச் சீட்டு பார்ப்பதற்காக அதில் விபிஎன் போட்டிருந்தால், அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. அதே போனில், அதே விபிஎன் வழியாக, தான் யார் என்று தெரியாமல் ஒரு பதிவு போட்டால், அந்த நிமிஷம் விலக்கு போய்விடும். குற்றம் செய்வதற்கோ, குற்றத்தை மறைப்பதற்கோ இணைய முகவரியை மாற்றினால் 5,00,000 முதல் 20,00,000 திர்ஹம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. குறைந்த தொகையே நம் காசுக்கு ஒரு கோடிக்கு மேல். நம்மவர்கள் பலர் வீட்டுக்கு வாட்ஸ்அப் கால் பேசத்தான் விபிஎன் போடுகிறார்கள். அதற்கும் நான் ஆதரவில்லை. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப் இருக்கிறது, அதில் பேசட்டும். புகார் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் இருக்கும் பையனிடம் 'விபிஎன் போட்டுத் தொடர்ந்து எழுது' என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் இவனுக்கு நல்லது நினைப்பவர் அல்ல.

கேஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? துபாய் போலீஸ் ஆப்பில் எமிரேட்ஸ் ஐடி போட்டு இலவசமாகப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பார்க்கலாம், ஆனால் அதில் பண விவகார வழக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் துபாய் அளவுக்கு மட்டும். அபுதாபியில் எஸ்தஃப்சர் என்று ஒரு சேவை இருக்கிறது. அது அபுதாபி பிராசிக்யூஷனுக்கு. இரண்டிலும் 'எதுவும் இல்லை' என்று வந்தாலும் சார்ஜாவில் உள்ள சைபர் புகாரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை என்றே அர்த்தம். அங்கே லைசென்ஸ் உள்ள ஒரு வக்கீலுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்து அவர் மூலம் விசாரிப்பதுதான் சரி. அதற்கு முன் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். சார்ஜாவும் அந்தத் துணைத் தூதரகத்தின் கீழ்தான் வருகிறது. எண் 800 46342, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு இல்லை. சட்ட ஆலோசனைக்கு நேரம் கேட்டு வாங்கலாம். ரூமில் ஒருவர் சொன்னார் என்பதைத் தவிர இதுவரை உங்களிடம் எதுவும் இல்லை. புகார் உண்மையாகப் பதிவானால் வழக்கமாகப் போலீசே போனில் கூப்பிடும். அப்படி அழைப்பு வராமலும், விசாரித்ததில் ஒன்றும் இல்லை என்றும் தெரிந்தால், தாராளமாக டிக்கெட் போடலாம். இருக்கிறது என்று தெரிந்தால் கல்யாணத்தை விடக் கேஸ்தான் முக்கியம். ஏர்போர்ட்டில் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

ஒருவேளை போலீஸ் பிடித்துவிட்டால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. 1963ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு அது. அரபியில் எந்தக் காகிதம் நீட்டினாலும், மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

நம் எல்லைப் பக்கத்துக்கே உரிய இன்னொரு பொறி. 'நோர்க்காவில் எனக்கு ஆள் இருக்கிறது' என்று பாறசாலைக்காரர் அடுத்து சொல்வார். நோர்க்கா என்பது வெளிநாட்டில் உள்ள கேரளத்துக்காரர்களுக்காகக் கேரள அரசு வைத்திருக்கும் துறை. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் நம் பேச்சில் பாதி மலையாளமாக இருக்கலாம், கல்யாணச் சம்பந்தம் அந்தப் பக்கம் இருக்கலாம், ஆனால் தம்பியின் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரி கன்னியாகுமரி மாவட்டம். உங்களுக்கு உரியது தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத்துறை. வெளிநாட்டில் உள்ள இந்தியர்களின் குறைகளுக்காக மத்திய அரசு வைத்திருக்கும் 'மதாத்' (MADAD) என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். எந்த மாநிலமானாலும் அங்கேயே பதியலாம்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். இவ்வளவையும் தம்பிக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயணத்துக்கு முன் ஒரு நாள் வகுப்பு என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. ஆனால் அது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்கு என்று அமைந்தது. பத்தாவது பாஸ் ஆனவனுக்கு அந்த அனுமதியே வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் படிப்பறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் நம்முடையது. நம் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் பத்தாவது தாண்டியவர்கள். படித்தவன் என்பதற்காகவே ஒரு வார்த்தை சொல்லாமல் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறோம். கையில் கேமரா போனும் வாயில் கருத்தும் இருப்பவன் அந்தப் படித்த பையன்தானே. இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனு கொடுத்தால் ரசீது தருகிறார்கள், அதோடு சரி.

தம்பி இப்போது செய்ய வேண்டியது சொல்கிறேன். வீடியோவை நீக்கும் முன் வக்கீலைக் கேட்கட்டும். புகார் பதிவான பிறகு நீக்கினால் ஆதாரத்தை அழித்ததாக ஆகிவிடக் கூடும். அதுவரை யாருக்கும் அனுப்ப வேண்டாம், அதைப் பற்றி விளக்கம் எழுதவும் வேண்டாம். தொழிலாளர் சம்பளப் பாக்கி பற்றி அவனுக்கு வருத்தம் இருந்தால் அது நியாயமான வருத்தம். அதை ஃபேஸ்புக்கில் எழுதாமல் மனிதவள அமைச்சகத்தின் ஆப்பில் புகாராகப் போடச் சொல்லுங்கள், அங்கே அதற்குப் பலன் உண்டு. மெட்ரோவைப் பற்றியும் போனில் நடக்கும் அரசு வேலைகளைப் பற்றியும் அவன் எழுதட்டும். நம்மூருக்கு அது தெரிய வேண்டியதுதான். அடுத்தவர் முகம் விழாமல் படம் எடுக்கட்டும்.

பாறசாலைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு களியக்காவிளை ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். 'கேரளத்து ஆள், அங்கே போங்கள்' என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பணம் கேட்ட போன் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தது, புகாரை இங்கேயே வாங்க வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். வீட்டில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் முன்பணம் அனுப்பியிருக்கிறார்களா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள். அனுப்பியிருந்தால் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அந்தக் கணக்கில் பணம் இன்னும் கிடந்தால் முடக்கி வைக்க வழி இருக்கிறது.