புரொப்பல்லர் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது!

கேள்வி: ஏடிஆர் 72 விமானத்தில் ஏறும்போது பார்த்தேன். வலப்பக்க எஞ்சின் இரைகிறது, அதன் புரொப்பல்லர் மட்டும் அசையவில்லை. காரில் இருப்பதுபோல உள்ளே கிளட்ச் உண்டா?

பதில்: கிடையாது. அந்த பிடபிள்யூ127 எஞ்சினில் மூன்று தண்டுகள். இரண்டு தண்டுகள் காற்றை அமுக்கும் கம்ப்ரசர்களை, அவற்றைச் சுழற்றும் டர்பைன்களோடு இணைக்கின்றன. மூன்றாவதன் பின்முனையில் இரண்டடுக்கு பவர் டர்பைன், முன்முனையில் புரொப்பல்லரைச் சுழற்றும் கியர் பாக்ஸ். இந்த மூன்றாவது தண்டை மற்ற இரண்டோடு எந்தப் பல்சக்கரமும் இணைக்கவில்லை. சூடான வாயு வந்து மோதித்தான் பவர் டர்பைன் சுழல்கிறது. அதனால் கியர் பாக்ஸில் உள்ள பிரேக்கால் புரொப்பல்லரைப் பிடித்துவைத்தாலும் கம்ப்ரசர் பகுதி தன்பாட்டுக்கு ஓடும். தரையில் நிற்கும் விமானத்துக்கு மின்சாரமும் ஏசிக்கான காற்றும் கொடுக்கும். 'ஹோட்டல் மோட்' என்பது இதுதான். பிரேக் வலது எஞ்சினில் மட்டுமே உண்டு.

பவர் டர்பைன் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று; கியர் பாக்ஸ் அதைக் குறைப்பதால் புரொப்பல்லர் 1,200. வேகம் குறைகிற அளவுக்கு முறுக்குவிசை கூடும். 2,475 குதிரைத்திறனில் டர்பைன் தண்டில் ஏறத்தாழ 880 நியூட்டன் மீட்டர் என்றால், புரொப்பல்லர் தண்டில் 14,700. குறைக்காமல் விட்டால்? 3.93 மீட்டர் விட்டமுள்ள புரொப்பல்லரின் இதழ்நுனி 1,200 சுற்றிலேயே நொடிக்கு 247 மீட்டர் ஓடுகிறது. இன்னும் கூட்டினால் ஒலிவேகத்தை நெருங்கும்; இரைச்சல்தான் மிச்சம், விமானத்தை முன்னே இழுக்கும் விசை தேறாது.

இந்த கியர் பாக்ஸில் கியர் மாற்றும் வேலையே இல்லை, விகிதம் ஒன்றே ஒன்றுதான். விமானி எரிபொருளைக் கூட்டினால் சுற்று ஏறப் பார்க்கும்; உடனே ஆயில் அழுத்தத்தால் இதழ்களின் கோணம் கூடி, அதிகப்படி திறனை முன்னிழுக்கும் விசையாக்கிவிடும். சுற்று மாறாது.

பழுதின் முதல் தடயம் ஆயிலில் தெரியும். ஆயிலில் உள்ள உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தமுனையில் மாவுபோன்ற துகள் ஒட்டினால் பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக வந்தால் பேரிங்கோ பல்லோ உரிகிறது என்று பொருள், எஞ்சினை ஓட்டக்கூடாது. மின்னல் தாக்கிய புரொப்பல்லர் என்றாலும் கியர் பாக்ஸைச் சோதிக்காமல் விடமாட்டார்கள். மின்னோட்டம் பாய்ந்த இடத்தில் பேரிங்கில் பொட்டுப்பொட்டாகக் குழி விழுந்திருக்கலாம்.

கேள்வி: புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைன் எஞ்சின்கள், அதாவது டர்போப்ராப், எல்லாமே இப்படித்தானா?

பதில்: இல்லை. டோர்னியர் 228-இன் டிபிஇ331 எஞ்சினில் கம்ப்ரசர், டர்பைன், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே இணைப்பு. 41,730 சுற்று 1,591 ஆகக் குறைகிறது. ஸ்டார்ட் செய்யும்போதே புரொப்பல்லரும் சுற்றியாக வேண்டும். அதனால் எஞ்சினை நிறுத்தும்போது, சுற்றுவதற்குக் காற்றின் எதிர்ப்பு குறைவாக இருக்கும்படி, இதழ்களைத் தட்டையான கோணத்தில் பூட்டு ஊசிகளில் மாட்டிவைப்பார்கள். மறந்தால் இதழ்கள் ஃபெதர் நிலைக்கு, அதாவது எதிர்வரும் காற்றுக்கு விளிம்பைக் காட்டும் கோணத்துக்கு, போய்விடும். அடுத்த ஸ்டார்ட்டுக்குமுன் மின் பம்ப்பால் ஆயில் செலுத்தி அவற்றைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.