டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு) சண்டையில் கணக்கு வைக்க ஆப் தேவையா, தாளும் பென்சிலும் போதாதா?

இனிஷியேட்டிவ் வரிசைக்காக, அதாவது சண்டையில் யார் முறை எப்போது என்பதற்காக, மட்டும் கேட்கிறீர்கள் என்றால் தேவையில்லை. நான்கு வீரர்கள், எதிரில் ஒரு கோப்ளின் கூட்டம் என்றால், ஆளுக்கொரு அட்டையை நடுவில் மடித்து டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தன்முன் வைத்திருக்கும் திரையின் மேல் விளிம்பில் வரிசையாக மாட்டிவிடலாம். எல்லோர் கண்ணுக்கும் தெரியும், இடம் மாற்றுவதும் சுலபம். ஹெச்பி என்ற உயிர்ப்புள்ளிகளைக் கழிக்கவும் பென்சில் போதும். 59 ஹெச்பி உள்ள ஓகர் என்ற பூதத்துக்கு 12 புள்ளி அடி விழுந்தால் மிச்சம் 47. இதற்கு மென்பொருள் எதற்கு?

ஆனாலும் எங்கள் குழுவில் டிஎம்மாக இருக்கும் நான் இப்போது பெரிய சண்டை எதையும் லேப்டாப் இல்லாமல் நடத்துவதில்லை. தாளில் எழுதிய எண் எங்கேயும் போய்விடாது. நினைவிலிருந்து நழுவுவது "இது எப்போது நடக்க வேண்டும், எப்போது முடிய வேண்டும்" என்ற கணக்குதான். கருவி வேண்டியது அதற்கு.

டிஎன்டியின் 5ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு ரவுண்ட், அதாவது எல்லோருக்கும் ஒரு டர்ன் (முறை) வந்து முடியும் சுற்று, சுமார் 6 நொடி, ஆகவே ஒரு நிமிடம் நீடிக்கும் ஸ்பெல் (மந்திரம்) என்றால் 10 ரவுண்ட். பெரும்பாலான சண்டைகள் அதற்குள் முடிந்துவிடுவதால் அந்தப் பத்தை எண்ணும் வேலையே வராது. நடுவில் வருபவைதான் கஷ்டம். உங்கள் விசார்ட் (மந்திரவாதி) எதிரித் தலைவன்மேல், ஆளை அசையவிடாமல் கட்டும் ஹோல்ட் பெர்சன் ஸ்பெல்லைப் போடுகிறார். தலைவன் தன் ஒவ்வொரு டர்னின் முடிவிலும் விஸ்டம் சேவ், அதாவது தப்பிக்க ஒரு பகடை, உருட்ட வேண்டும். விசார்டுக்கு அடி விழும் ஒவ்வொரு முறையும் ஸ்பெல்லைப் பிடித்துவைத்திருக்கும் கவனம், அதாவது கான்சன்ட்ரேஷன், நிற்கிறதா என்று கான்ஸ்டிட்யூஷன் சேவ். 10, அல்லது வாங்கிய அடியில் பாதி, இரண்டில் எது பெரியதோ அதுதான் இலக்கு. 30 அடி வாங்கினால் 15 எடுத்தாக வேண்டும். இதற்கிடையில் மூலையில் ஒரு ட்ரோல். 2014இல் வந்த விதிகளில் அதற்குத் தன் டர்ன் தொடங்கும்போது 10 ஹெச்பி ஏறும். தீயோ அமிலமோ பட்டிருந்தால் அடுத்த டர்ன் தொடக்கத்தில் மட்டும் ஏறாது.

ஆக ஒன்று டர்ன் தொடக்கத்தில், ஒன்று டர்ன் முடிவில், ஒன்று அடி விழும் கணத்தில். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் கடினமில்லை. டிஎம் அதே நேரத்தில் ட்ரோலுக்குக் குரல் கொடுக்கிறார், கட்டம் எண்ணுகிறார், ஒரு விதியைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொல்கிறார். அப்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போவது யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கிளெரிக் (குழுவின் பூசாரி) தன் ஸ்பெல் ஸ்லாட் ஒன்றை (எண்ணிக்கையில் குறைவாகக் கிடைக்கும் மந்திர வாய்ப்பு) செலவழித்து, தோழர்களின் உருட்டலுக்கு ஒரு 4 பக்கப் பகடையைக் கூட்டும் பிளெஸ் போட்டிருக்கிறார், தோழர்கள் அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள் என்றால், அவருடைய டர்ன் முழுக்க வீண். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், ஆனால் அடுத்த முறை பிளெஸ் போடமாட்டார். எனக்கு இது சின்ன விஷயமில்லை.

நேரில் உட்கார்ந்து ஆடும் குழுவுக்கு நான் முதலில் சொல்வது இம்ப்ரூவ்ட் இனிஷியேட்டிவ் என்ற கருவி. பிரவுசரிலேயே ஓடும், ஓப்பன் சோர்ஸ். ஓர் ஆளின் பெயரில் ஒரு டேக் (குறிப்புச் சீட்டு) மாட்டி, அது யாருடைய டர்னின் தொடக்கத்தில் அல்லது முடிவில் கழன்றுகொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். மேலே சொன்ன சிக்கலுக்கு நேரான பதில் இந்த ஒரு வசதிதான். வீரர்களுக்கென்று தனிப் பக்கமும் உண்டு. அதை இன்னொரு திரையில் போட்டால் வரிசை மட்டும் அவர்களுக்குத் தெரியும், மான்ஸ்டரின் சரியான ஹெச்பி தெரியாது. அடுத்து யார் என்பது கண்ணெதிரே இருந்தால், தன் முறை வந்த பிறகு ஸ்பெல் பட்டியலைப் புரட்டத் தொடங்கும் பழக்கம் தானாகவே குறைகிறது. சண்டை வேகமாக நகர்வதற்கு வேறெந்த வசதியையும்விட இதுதான் உதவியிருக்கிறது.

இலவசக் கருவிகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2023 ஜனவரியில் டிஎன்டியின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. கோப்ளின், ஓகர், ட்ரோல், டிராகன்கள் எல்லாம் அதில் உண்டு, அதனால் கருவியில் தயாராகவே கிடைக்கும். பிஹோல்டர் மாதிரி சிலவற்றுக்கு அதில் விவரப்பட்டியல் கிடையாது. புத்தகத்தைப் பார்த்து நீங்களே முந்தைய நாள் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்யாதீர்கள்.

ஆன்லைனில் ஆடுகிறீர்கள் என்றால் மேப் இருக்கும் இடத்திலேயே டிராக்கரும் (வரிசைக் கணக்கு வைக்கும் கருவி) இருக்கட்டும், தனி ஆப் வேண்டாம். ஆன்லைன் ஆட்ட மேசைகளான ரோல்20, ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், ஃபவுண்ட்ரி மூன்றிலும் டிராக்கர் உண்டு. ஃபவுண்ட்ரியை டிஎம் ஒருவர் ஒருமுறை வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசர் வழியே வந்துவிடலாம். ரோல்20 டிராக்கரில் ஆள் அல்லாத ஒரு வரியைச் சேர்த்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று குறையும்படி வைக்கலாம். பாலம் இடிய இன்னும் 4 ரவுண்ட் என்றால் அந்த வரியே எண்ணிக்கொள்ளும். 2014 விதிகளில் லேர் ஆக்ஷன், அதாவது மான்ஸ்டரின் குகையே ஆடும் முறை, வருவது இனிஷியேட்டிவ் 20இல். "குகை" என்ற பெயரில் 20இல் ஒரு வரி போட்டுவையுங்கள், மறக்கவே மறக்காது. எந்தக் கருவியிலும் இப்படிச் செய்யலாம், தாளிலும்கூட.

இப்போது எனக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன்: எல்லாவற்றையும் தானியங்கியாக்குவது. ஃபவுண்ட்ரியில் மாட்யூல்களை (கூடுதல் நிரல்கள்) சேர்த்துக்கொண்டே போனால், ஒரே கிளிக்கில் தாக்குதல் உருண்டு, ஏசியோடு (அடி படுவதற்கு எட்ட வேண்டிய எண்) ஒப்பிட்டு, டேமேஜும் கழிந்துவிடும். ஆனால் அடி பட்டது என்பதற்கும் ஹெச்பி குறைந்தது என்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வீரருடையது. விசார்ட் "ஷீல்ட் போடுகிறேன்" என்று கத்தி ஏசியை 5 உயர்த்துவதும், ரோக் அன்கேனி டாட்ஜ் சொல்லி அடியைப் பாதியாக்குவதும் அந்த இடைவெளியில்தான். மென்பொருளும் ரியாக்ஷன் (இப்படிப்பட்ட உடனடி எதிர்வினை) வேண்டுமா என்று பெட்டி திறந்து கேட்கும், உண்மைதான். பெட்டியில் ஆமாம் என்று அழுத்துவதும், டிஎம் எண்ணைச் சொன்னதும் மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தைப் பார்ப்பதும் ஒன்றாகாது. அதனால் தானாகக் கழியும் வசதியை அணைத்துவைத்திருக்கிறேன். எண்ணை வாயால் சொல்கிறேன், ஒரு கணம் நிறுத்துகிறேன், பிறகுதான் கழிக்கிறேன். வீரர்களின் பகடையும் அவர்கள் கையில்தான். சாகும் நிலையில் உருட்டும் டெத் சேவ் உருளும்போது அது மேசையில் உருள வேண்டும்.

கோப்ளின்களின் பகடை வேறு. எட்டு கோப்ளினுக்கு இனிஷியேட்டிவ் உருட்டுவதை யாரும் ரசிப்பதில்லை. ஒரே மாதிரி மான்ஸ்டர் கூட்டத்துக்கு ஒரே உருட்டல் என்று 2014 விதியே சொல்கிறது. அதைத் தயங்காமல் கணினிக்குக் கொடுங்கள்.

எந்த விளையாட்டு என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் 2ஆம் பதிப்பில் ஃப்ரைட்டண்ட் (பயம்) எண் அந்த ஆளின் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் ஒன்று குறையும். பெர்சிஸ்டன்ட் டேமேஜ் (தொடர்ந்து விழும் அடி) டர்ன் முடிவில் விழும், விழுந்த பிறகு பகடையில் 15 எடுத்தால்தான் நிற்கும். எண்ணோடு வரும் இப்படிப்பட்ட கண்டிஷன்கள் (ஆளின்மேல் நிற்கும் பாதிப்புகள்) அங்கே ஏராளம். அதற்கு டிராக்கர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம் என்பேன். சாவேஜ் வேர்ல்ட்ஸ் என்ற விளையாட்டு நேரெதிர். அங்கே ஒவ்வொரு ரவுண்டும் புதிதாகச் சீட்டு பிரித்துத்தான் வரிசை முடிவாகும். அந்தச் சீட்டுகளே டிராக்கர், அவற்றை எடுத்துவிட்டுத் திரையை வைப்பது பாவம்.

லேப்டாப்பை டிஎம் முன்னால் சுவர் மாதிரி நிறுத்தாதீர்கள். பக்கவாட்டில், கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். அடுத்த டர்னுக்குப் போகும் ஷார்ட்கட்டை மட்டும் விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல ஏற்பாடு, டிராக்கரை ஆர்வமுள்ள ஒரு வீரரிடம் ஒப்படைத்துவிடுவது. வரிசையைக் கூப்பிடுவதும், யார்மேல் என்ன ஸ்பெல் நிற்கிறது என்று நினைவூட்டுவதும் அவர் பொறுப்பு. மான்ஸ்டர் ஹெச்பி மட்டும் உங்கள் தாளில் இருக்கட்டும். எங்கள் குழுவில் இதைச் செய்பவர் பார்ட் (பாணர்) பாத்திரத்தை ஆடுபவர். தோழர்களுக்குத் தான் கொடுத்த இன்ஸ்பிரேஷன் பகடை யாரிடம் மிச்சமிருக்கிறது என்று எப்படியும் அவர்தான் கணக்கு வைத்துக்கொண்டிருந்தார்.