யாருக்காக வாங்கினார்கள்?

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் வசிக்கிறேன். 2001இல் வேலைக்காக வந்தவன். சென்ற மாதம் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பெட்டி நிறைய ‘நௌ’ தொகுப்புகள் கிடைத்தன. ‘நௌ தட்ஸ் வாட் ஐ கால் மியூசிக்’ என்பது முழுப்பெயர். ஆண்டுக்கு மூன்று முறை, அப்போது விற்பனைப் பட்டியலில் மேலே இருக்கும் பாப் பாடல்களைச் சேர்த்து இரட்டைக் குறுந்தகடாக வெளியிடுவார்கள். எண்ணிப் பார்த்தேன், 27 இருந்தன. பக்கத்துத் தெரு சாரிட்டி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த அம்மையார் பெட்டியைத் திறந்து பார்த்த வேகத்தில் மூடிக் கொடுத்துவிட்டார். “ஏற்கெனவே இரண்டு தட்டு நிறைய இருக்கிறது, 50 பென்ஸ் என்று போட்டும் போகவில்லை” என்றார்.

டவுன்லோடு வந்த அன்றே இவற்றின் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கு ரசனை குறைந்துவிட்டதா? என் மகளுக்கு 14 வயது. ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நடுவில் பிடிக்காத பாட்டு வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவற்றை வைத்துக்கொள்வதா, எறிவதா? என் கார் பழையது, அதில் இன்னும் சிடி பாடும்.

கே., கோவென்ட்ரி

அன்புள்ள கே.,

உங்கள் மகளின் கேள்விதான் கடிதத்திலேயே சிறந்த வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் டவுன்லோடு மீது நீங்கள் ஏற்றியிருக்கும் பழியை இறக்கிவைக்க வேண்டும்.

2004 ஜூனில் ஆப்பிள் நிறுவனத்தின் இணையப் பாட்டுக் கடையான ஐடியூன்ஸ் பிரிட்டனில் திறந்தபோது ஒரு பாடல் 79 பென்ஸ். ஒரு தொகுப்பில் நாற்பது பாடல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கினால் 31 பவுண்டு 60 பென்ஸ் ஆகும். கடையில் இரட்டைத் தகடு ஏறக்குறைய அதில் பாதி விலைதான். டவுன்லோடு வினையாக வந்தது தனிப் பாடகரின் ஆல்பத்துக்கு. பன்னிரண்டு பாட்டில் பிடித்த இரண்டை மட்டும் பிய்த்து வாங்கலாம் என்றானபின் மீதிப் பத்தும் நாதியற்றுப் போயின. தொகுப்பில் பிய்க்க என்ன இருக்கிறது? அதுவே பிய்த்தெடுத்தவற்றின் குவியல்தானே. கணக்கைக் கவிழ்த்தது அதற்குப் பின்னால் வந்த மாதச் சந்தா. பத்து பவுண்டுக்கு உலகத்துப் பாட்டெல்லாம் என்றானபின் ‘நாற்பது பாட்டு’ யாரையும் அசைக்கவில்லை.

ஆனால் விலையை வைத்து மட்டும் இந்தச் சரிவை விளக்கிவிட முடியாது. எனக்கு இதில் வேறொரு அனுபவம் உண்டு.

1999இல் படிப்புக்காக லெஸ்டரில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். கிறிஸ்துமஸ் காலையில் சிவப்புக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தால் ‘நௌ 44’. என் இசை ரசனை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆங்கிலப் பாப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் இருவரின் அறியாமைக்கும் நடுவில் அந்தத் தட்டு கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அன்று மாலை பேரப்பிள்ளைகள் மூவர் வந்தார்கள். மூவருக்கும் அதே பொட்டலம்! ஒருவன் பிரிக்காமலே “நௌ தானே, பாட்டி?” என்றான். அம்மாளின் முகத்தில் வெற்றிப் புன்னகை. தவறாகத் தேர்ந்தெடுக்க வழியே இல்லாத ஒரு பரிசைக் கண்டுபிடித்துவிட்ட புன்னகை அது.

அந்த 44தான் வரிசையிலேயே அதிகம் விற்றது, ஏறத்தாழ 23 லட்சம் பிரதிகள். அத்தனை பேரும் இசைப் பித்தர்களா? எத்தனை அத்தைகள், எத்தனை தாத்தாக்கள், அலுவலகத்தில் குலுக்கல் சீட்டில் யாரோ ஒருவருக்குப் பரிசு வாங்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசிப்பதுண்டு. பாட்டுத் தெரியாதவர் பாட்டுக் கேட்பவருக்கு வாங்கித் தரும் பொருள் அது. நம் ஊரில் வீட்டுக்குப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போவதைப் போல. ஆப்பிளின் ருசியைப் பற்றி யாராவது ஆராய்கிறோமா?

இசை விமர்சகர்கள் இவற்றை ஒருபோதும் மதித்ததில்லை. ஆகவே ரசனை குறைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. இந்த வியாபாரத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் கனடாவின் வின்னிபெக் நகரத்து ஃபிலிப் கைவ்ஸ். தொலைக்காட்சியில் வறுசட்டியும் காய் நறுக்கும் கருவியும் விற்றவர். 1966இல் அதே கூவலில் ‘கன்ட்ரி’ வகைப் பாடல்கள் இருபத்தைந்தை ஒரே இசைத்தட்டில் போட்டு விற்றார். அவருடைய கே-டெல் நிறுவனம் இருபதுக்கு மேற்பட்ட பாடல்களை ஒரு தட்டுக்குள் அடைப்பதற்காகப் பாட்டின் வாலை நறுக்கவும் தயங்கியதில்லை. காய் நறுக்கியவருக்குப் பாட்டு எம்மாத்திரம். பிரிட்டனில் இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்கள் அசல் பாடகரிடம் போகவே இல்லை. பெயர் போடாத கூலிப் பாடகர்களை வைத்து அந்த மாதத்து ஹிட் பாடல்களை அப்படியே பாடவைத்து மலிவு விலைக்கு விற்றார்கள். புகழ் வருவதற்கு முன்னால் எல்டன் ஜான் அப்படிக் கூலிக்குப் பாடியவர்களில் ஒருவர்.

1983 நவம்பர் 28 அன்று வந்த முதல் ‘நௌ’ இந்தச் சந்தையை மாற்றியது. வர்ஜின், இஎம்ஐ என்ற இரண்டு நிறுவனங்கள் கைகோத்தன. முப்பது பாடல்கள், அத்தனையும் அசல் பாடகர்கள் பாடியவை. அவற்றில் பதினொன்று முதலிடம் பிடித்தவை. பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். டென்மார்க் பன்றி இறைச்சிக்கான பழைய விளம்பரத் தாள் ஒன்று. கோழி பாடுகிறது, பன்றி கேட்டுக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இந்த வாசகம். வர்ஜினை நிறுவிய ரிச்சர்ட் பிரான்சன் அதை வாங்கி, காலையில் சிடுசிடுவென்று இருக்கும் தன் கூட்டாளி சைமன் டிரேப்பருக்கு விளையாட்டாகக் கொடுத்தார். சுவரில் தொங்கிய அந்தத் தாளிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. பெயரே ஒரு பரிசுப் பொருளிலிருந்து வந்ததுதான் என்று நான் சொன்னால் என் வாதத்துக்குச் சாதகமாக இழுப்பதாக நினைப்பீர்கள். இழுக்கத்தான் செய்கிறேன்.

அடுத்த ஆண்டே போட்டி நிறுவனங்களான சிபிஎஸ்ஸும் டபிள்யூஇஏவும் சேர்ந்து ‘ஹிட்ஸ்’ என்று ஒன்றை இறக்கி, கிறிஸ்துமஸ் முதலிடத்தைத் தட்டிப் பறித்தன. இப்படியே போனால் தனிப் பாடகர் யாரும் ஆல்பம் பட்டியலின் உச்சியை எட்ட முடியாது என்ற நிலை வந்தது. 1989 ஜனவரியில் தொகுப்புகளைப் பிரதானப் பட்டியலிலிருந்து வெளியேற்றித் தனிப் பட்டியலில் வைத்தார்கள். இது இரண்டாவது வெளியேற்றம். கூலிப் பாடகர்களின் மலிவுத் தட்டுகள் 1971இல் முதலிடத்தையே பிடித்துவிட்டன என்பதற்காக 1972 தொடக்கத்தில் மலிவு விலைத் தட்டுகளை இதேபோல விலக்கியிருந்தார்கள். நன்றாக விற்றதற்குத் தண்டனை பெற்ற பொருள் இது. இன்று விற்காததற்கு யாரும் தண்டிக்கக்கூட வருவதில்லை.

பரிசு என்று பார்த்தால் சரிவின் காரணங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன. பரிசு வாங்குபவர் இசைக் கடையைத் தேடிப் போக மாட்டார். போகிற வழியில் கண்ணில் பட வேண்டும். உல்வொர்த்ஸ் கடைகள் எண்ணூற்றுக்கும் மேல் இருந்தன. சாக்லேட், தேநீர்க் கோப்பை, பள்ளிச் சீருடை எல்லாவற்றுக்கும் நடுவில் ‘நௌ’ அடுக்கியிருக்கும். 2009 ஜனவரி 6ஆம் தேதி கடைசிக் கடையும் மூடியது. அடுத்து பல்பொருள் அங்காடிகள்; 2021இல் செயின்ஸ்பரிஸ் சிடி விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. பிரிட்டனில் பொதுவாக சிடி விற்பனையே 2004இல் ஆண்டுக்கு 16 கோடிக்கு மேல் இருந்து 2023இல் ஒரு கோடிச் சொச்சத்துக்கு வந்துவிட்டது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் பாட்டிக்கு இந்தப் புள்ளிவிவரம் தேவையில்லை. பேரனிடம் சிடி பாடும் கருவி இல்லை என்று தெரிந்த அன்றே அவர் நிறுத்திவிட்டார். பாடல் வரிசையைக் காகிதத்தில் சுற்றி மரத்தடியில் வைக்க முடியாது அல்லவா.

தொகுப்பவரின் வேலைக்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 2013இல் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற லண்டன் நிறுவனம், மாதச் சந்தாவில் பாட்டுக் கேட்கவைக்கும் ஸ்பாட்டிஃபை மீது வழக்குப் போட்டது. அவர்கள் தொகுத்த நடனப் பாடல்களை அதே வரிசையில், பெயரையும் போட்டு, பயனர்கள் ஸ்பாட்டிஃபையில் அடுக்கிக்கொண்டார்கள். பாடல்களுக்குத்தான் ஏற்கெனவே உரிமம் இருக்கிறதே என்றால், வரிசை எங்களுடையது என்றார்கள். மறு ஆண்டு சமரசமாகப் போய்விட்டது. தீர்ப்பு வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் ஏமாற்றம்தான். எதற்குப் பின் எது என்று தீர்மானிப்பது உழைப்பா இல்லையா என்று ஒரு நீதிபதி சொல்லிக் கேட்க ஆசைப்பட்டேன்.

இப்போது உங்கள் மகளின் கேள்வி. எங்கள் ஊரில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. அறுபது நிமிட கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் மூன்று நாளில் பதிந்து தருவார்கள். பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் அதில் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டுவிடுவார். கேட்க மாட்டார். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். கேசட்டைத் திருப்பிப் போடச் சோம்பல்பட்டு அதையும் கேட்போம். இன்று என் பட்டியலில் இருந்தவை பல மறந்துவிட்டன. அவர் திணித்த பாட்டுகள் வரிக்கு வரி நினைவிருக்கின்றன. ‘நௌ 44’இலும் அப்படித்தான். எனக்குப் பிடிக்காத பாட்டைத் தாண்டிப் போக எழுந்து நடக்க வேண்டும், லெஸ்டர் குளிரில் போர்வையை விட்டு எழுவது யார்? மகளிடம் சொல்லுங்கள்: பிடிக்காத பாட்டு வந்தால் அது முடியும்வரை திட்டிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். இன்று ஸ்பாட்டிஃபையில் ஓடும் பட்டியல் அவள் தாண்டிய பாட்டைக் குறித்துக்கொள்கிறது, அடுத்த முறை அந்தப் பக்கமே வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டியல்கள் வாரம்தோறும் சத்தமில்லாமல் மாறுகின்றன. போன கோடையில் அதில் என்ன இருந்தது என்று இன்று காட்ட முடியாது. உங்கள் பெட்டியில் இருப்பவை மாற்ற முடியாதவை. ஒரே மாதம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர்களும் பெரிய நட்சத்திரங்களும் சம இடத்தில் அச்சாகி நிற்கிறார்கள். யார் நிலைப்பார்கள் என்று தொகுத்தவருக்கு அப்போது தெரியாது. அந்தத் தெரியாமைதான் எனக்குப் பிடித்தது. 2021இலிருந்து அதே நிறுவனம் ‘இயர்புக்’ என்று 1983, 1984 என ஆண்டுவாரியாகப் பழைய பாடல்களைத் தொகுத்து விற்கிறது. அழகான பெட்டி, வண்ண இசைத்தட்டும் உண்டு. அதை வாங்குகிறவர்தான் கேட்கிறவரும், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எது நிலைத்தது என்று தெரிந்தபின் தொகுத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, பாட்டிகளுக்கு அதில் வேலையும் இல்லை.

27ஐயும் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், பரண் உங்களுடையது. நீங்கள் கோவென்ட்ரிக்கு வந்த 2001இல் வெளியான மூன்றும் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ஒன்றைக் காரில் போட்டுவிட்டு மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பொத்தான் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

அன்புடன்.