வலைப்பூ கேள்வி–பதில்: சிதறிய எழுத்து, வெட்டுப்பட்ட முகவரி, வெளிவராத பதிவு

வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ், பிளாக்கர் பற்றி மும்பை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பொதுவாகப் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில். எந்தப் பதிலைச் செய்து பார்ப்பதானாலும் அதற்கு முன் ஒரு பேக்கப் (தளத்தின் முழு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முறை கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

கே: 2006 முதல் வேர்ட்பிரஸ்ஸில் எழுதுகிறேன். போன மாதம் ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை சர்வர்) மாற்றினேன். பழைய பதிவுகள் அத்தனையிலும் தமிழ் போய், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்துமாக நிற்கிறது. புதிதாக எழுதுவது மட்டும் சரியாகத் தெரிகிறது. எழுத்துரு பிளகின் (தளத்தில் கூடுதலாகப் பொருத்தும் நிரல்) மூன்று போட்டும் பலனில்லை.
வாசகர், டோம்பிவிலி

ப: மூன்று பிளகினையும் முதலில் கழற்றுங்கள். இது எழுத்துருக் கோளாறு இல்லை, பதிவுகள் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸின் கோளாறு.

எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றேதான். இரண்டாவது பைட் இரண்டில் ஒன்றாக இருக்கும். இந்த மூன்றையும் லத்தீன்-1 என்ற பழைய முறையில் படித்தால் முதல் பைட் கோடு போட்ட ‘ஏ’ ஆகவும், இரண்டாவது பெரும்பாலும் வட்டத்துக்குள் ‘ஆர்’ ஆகவும் தெரியும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். எழுத்து அழியவில்லை, தப்பான கண்ணாடி வழியே தெரிகிறது.

காரணம் உங்கள் வலைப்பூவின் வயது. டேட்டாபேஸுக்கு எந்த எழுத்துமுறை என்று குறிப்பிடும் வரி வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் (அமைப்பு விவரக்) கோப்பில் 2007-ல் வந்த 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் தொடங்கிய தளங்களில் தமிழ் பைட்டுகள் ‘லத்தீன்-1’ என்று பெயர் எழுதிய பெட்டிக்குள் போய் உட்கார்ந்தன. போடுவதும் எடுப்பதும் ஒரே முறையில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இடம் மாற்றும்போது ஏற்றுமதிக் கருவி பெயரை நம்பி, லத்தீனை யூடிஎஃப்-8 ஆக்குகிறேன் என்று இன்னொரு முறை மாற்றிவிட்டது.

பழைய ஹோஸ்டிங் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால் வேலை சுலபம். அங்கிருந்து, டேட்டாபேஸை ஒரே கோப்பாக எடுத்துத் தரும் மைஎஸ்க்யூஎல்-டம்ப் கட்டளையால் அதை மறுபடி எடுங்கள். எடுக்கும்போது ‘டிஃபால்ட் கேரக்டர் செட்’ லத்தீன்1 என்று கட்டளையிலேயே சொல்ல வேண்டும். கிடைத்த கோப்பை நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் திறந்து பாருங்கள். பதிவுகள் படிக்கக்கூடிய தமிழில் தெரிந்தால் எடுத்த விதம் சரி. தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பிறகு அதே கோப்பில் ‘செட் நேம்ஸ்’ வரியிலும் ஒவ்வொரு அட்டவணை விவரத்தின் கடைசி வரியிலும் உள்ள லத்தீன்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றுங்கள். லத்தீன்1-ஸ்வீடிஷ் என்று வரும் வரிசைமுறைப் பெயர்களையும் அப்படியே மாற்ற வேண்டும். பிறகு புதிய இடத்தில் ஏற்றலாம்.

பழைய கணக்கை மூடிவிட்டீர்களா? புதிய இடத்திலிருந்தே லத்தீன்1 என்று சொல்லி எடுத்தாலும் இரட்டை மாற்றம் கழன்றுவிடும். ஆனால் ஹோஸ்டிங் மாற்றிய பிறகு எழுதிய பதிவுகள் அந்தக் கோப்பில் வெறும் கேள்விக்குறியாகிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியாக நகலெடுத்து வைத்து, கடைசியில் கையால் ஒட்டுங்கள். கட்டளை பழக்கமில்லை என்றால் ஹோஸ்டிங் உதவி மையத்திடம் ‘லத்தீன்1 கேரக்டர் செட்டில் டம்ப் வேண்டும்’ என்றே கேளுங்கள். ‘தமிழ் வரவில்லை’ என்று சொன்னால் அவர்களும் எழுத்துருவைத்தான் பார்ப்பார்கள்.

வேறு சிலருக்கு வரும் கோளாறுகள் இதோடு குழம்ப வேண்டாம். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி என்றால் பெரும்பாலும் டேட்டாபேஸுக்குள்ளேயே எழுத்து போயிருக்கும், போயிருந்தால் திரும்ப வராது. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் வழி. வெறும் கட்டங்கள் தெரிந்தால் அது மட்டுமே எழுத்துருப் பிரச்சினை.

கே: ‘மாட்டுங்காவில் மார்கழி பஜனை’ என்று தலைப்பு வைத்தால் பதிவின் முகவரி பாதியில் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீள்கிறது. ஏன்?
வாசகி, மாட்டுங்கா

ப: வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். ஆக மொத்தம் 22 குறிக்குத்தான் இடம். இதில் புள்ளி, கொம்பு, துணைக்கால் ஒவ்வொன்றும் தனிக் குறி. ‘மாட்டுங்காவில்’ என்ற ஒரு சொல்லே 14 குறி, ‘மார்கழி’ 7. இரண்டு இடைவெளிக் கோடுகளையும் சேர்த்தால் 191 எழுத்து போயிற்று. மிச்சமுள்ள 9-ல் பஜனையின் ‘ப’ மட்டும் நுழையும். உங்கள் முகவரி ‘மாட்டுங்காவில்-மார்கழி-ப’ என்று நின்றிருக்குமே!

இந்த இடத்தைப் பெரிதாக்கும் பிளகின் எதையும் தேடாதீர்கள். எடிட்டரின் வலது ஓரத்தில் பதிவு விவரங்களுக்குள் ‘ஸ்லக்’ அல்லது ‘லிங்க்’ என்ற பெட்டி இருக்கும். அதில் ஆங்கில எழுத்தில் மூன்று, நான்கு சொல்லுக்குள் நீங்களே அடித்துவிடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். கூகுள் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் படிக்கும், முகவரி ரோமன் எழுத்தில் இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

ஏற்கெனவே வெளியிட்ட பதிவுகளின் ஸ்லக்கை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும். இந்தச் சலுகை ‘போஸ்ட்’டுக்கு மட்டும்தான், ‘பேஜ்’ வகைக்குக் கிடையாது. அவற்றுக்கு ‘ரீடைரக்‌ஷன்’ பிளகினில் கையால் எழுத வேண்டும்.

பிளாக்கர் பயன்படுத்துகிறவர்களுக்கு: அங்கே தமிழ்த் தலைப்பை அது கண்டுகொள்ளாமல் எல்லாப் பதிவுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்றே பெயர் வைத்து, பின்னால் ஓர் எண்ணை ஒட்டும். வெளியிடும் முன்பே ‘கஸ்டம் பெர்மாலிங்க்’ தேர்ந்தெடுத்து எழுதிவிடுங்கள்.

கே: ஆடி மாதம் தினமும் விடியற்காலை 5 மணிக்குப் பதிவு வருமாறு நேரம் குறித்து வைத்தேன். சில நாள் வரவேயில்லை. ‘மிஸ்டு ஷெட்யூல்’ என்று சிவப்பில் காட்டுகிறது.
வாசகர், தாராவி

ப: வேர்ட்பிரஸ்ஸுக்குள் ஓடும் கடிகாரம் கிடையாது. யாராவது உங்கள் தளத்துக்கு வந்து பக்கத்தைத் திறக்கும்போதுதான் ‘வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா?’ என்று பார்க்கும். விடியற்காலை 5 மணிக்கு வாசகர் வராவிட்டால் பதிவும் வராது. கேஷ் பிளகின் போட்டிருந்தால் இன்னும் மோசம். வாசகருக்குத் தயாராக வைத்த நகலை நீட்டிவிட்டு வேர்ட்பிரஸ்ஸை எழுப்பாமலேயே அனுப்பிவிடும்.

கான்ஃபிக் கோப்பில் ‘டிஸேபிள் டபிள்யூபி கிரான்’ வரியை ‘ட்ரூ’ என்று சேர்த்து, ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சி-பேனலில் ‘கிரான் ஜாப்ஸ்’ போய் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தளத்தின் டபிள்யூபி-கிரான் கோப்பை அழைக்கும்படி வையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால் எந்தப் பதிவுமே நேரத்துக்கு வராது.

சரியாக ஐந்தரை மணி நேரம் தாமதித்து, 10.30-க்கு வருகிறது என்றால் கதை வேறு. செட்டிங்ஸ் – ஜெனரலில் நேர மண்டலம் யூடிசி என்றே கிடக்கிறது. ‘கொல்கத்தா’ என்று மாற்றினால் போதும்.

கே: ஹார்பர் லைன் ரயிலில் போனிலிருந்தே பிளகின்களை அப்டேட் செய்தேன். சிக்னல் போய் வந்ததும் தளம் ‘பராமரிப்பில் உள்ளது’ என்றது. அது சரியானபின் ‘கிரிட்டிகல் எரர்’. உள்ளே நுழையவே முடியவில்லை.
வாசகி, செம்பூர்

ப: இரண்டும் தனித்தனி விஷயம். பராமரிப்பு அறிவிப்புக்குக் காரணம், அப்டேட் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் தளத்தின் வேர் ஃபோல்டரில் போடும் ‘மெயின்டனன்ஸ்’ என்ற கோப்பு. அப்டேட் பாதியில் நின்றால் கோப்பு அங்கேயே தங்கிவிடும். 10 நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸ் அதை மதிக்காது, அதனால்தான் தானாகச் சரியானது. அவசரமென்றால் நீங்களே அழிக்கலாம். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சி-பேனல் ஃபைல் மேனேஜரில் மறைந்திருக்கும், ‘ஹிடன் ஃபைல்ஸ்’ காட்டு என்று டிக் செய்தால் தெரியும்.

கிரிட்டிகல் எரருக்கு முதலில் மெயில் பெட்டியைப் பாருங்கள், ஸ்பேம் உட்பட. 2019-ல் வந்த 5.2 பதிப்பு முதல், எந்தப் பிளகின் கவிழ்த்தது என்ற பெயரோடு ‘ரெகவரி மோட்’ இணைப்பு ஒன்று நிர்வாகியின் மெயிலுக்குப் போகும். அதன் வழி நுழைந்தால் அந்தப் பிளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தப்பட்டிருக்கும், நிதானமாக அணைக்கலாம்.

மெயில் வரவில்லையா? டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் ‘பிளகின்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து, கடைசியாக அப்டேட் செய்த பிளகினின் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். வேர்ட்பிரஸ்ஸுக்கு அது தட்டுப்படாமல் போய்த் தளம் திறக்கும். எது என்று தெரியாவிட்டால் ‘பிளகின்ஸ்’ ஃபோல்டரின் பெயரையே மாற்றி, உள்ளே நுழைந்து பிளகின் பக்கத்தை ஒருமுறை திறங்கள். எல்லாம் அணைந்துவிடும். பெயரைப் பழையபடி வைத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள். கவிழ்ப்பது தன்னைக் காட்டிக்கொடுக்கும். பாதியில் நின்ற அப்டேட் என்றால் அந்தப் பிளகினின் கோப்புகளில் சில வராமலே போயிருக்கும், அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே சரி.

அப்டேட்டை வீட்டு வைஃபையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் எழுதலாம், தப்பில்லை. இப்போதைய எடிட்டர் சர்வரில் சேமிப்பது தவிர, போனின் பிரவுசரிலேயும் அவ்வப்போது ஒரு நகல் வைத்துக்கொள்ளும்.

கே: பாட்டு வகுப்புக்காக வைத்திருக்கும் தளத்தின் தொடர்புப் படிவத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்கிறது, மெயில் வருவதில்லை.
வாசகி, முலுண்ட்

ப: படிவம் ‘அனுப்பப்பட்டது’ என்றால் சர்வரிடம் ஒப்படைத்தாயிற்று என்று மட்டும் அர்த்தம். பலரும் ‘அனுப்புநர்’ இடத்தில் படிவம் நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியை வைத்திருப்பார்கள். ஜிமெயில் பெயரில் எங்கோ ஒரு ஹோஸ்டிங் சர்வர் மெயில் அனுப்பினால் அது போலி என்றே பெறுபவர் பக்கம் நினைக்கும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புகிறவர், மெயில் போலியில்லை என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சான்று வைத்திருக்க வேண்டும் என்று கறாராக இருக்கிறது.

அனுப்புநராக உங்கள் டொமைன் (தளப் பெயர்) கொண்ட மெயில் முகவரியை வையுங்கள். நிரப்பியவரின் முகவரி ‘ரிப்ளை-டு’ இடத்துக்குப் போகட்டும். பிறகு ‘டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி’ போன்ற ஒரு பிளகின் போட்டு முறையான மெயில் கணக்கு வழியே அனுப்பச் செய்யுங்கள். ஜிமெயில் கணக்கு என்றால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால் கிடைக்கும் 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ வேண்டும்.

கே: கோலப் படங்கள் நிறைய போடுகிறேன். போனில் பக்கம் திறக்க நேரமாகிறது. கேஷ் பிளகின் இரண்டு போட்டேன், இன்னும் மந்தம்.
வாசகி, சயன்

ப: இரண்டு கேஷ் பிளகின் கூடவே கூடாது. டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் ‘அட்வான்ஸ்டு-கேஷ்’ என்ற ஒரே கோப்பைத்தான் இரண்டும் பிடிக்கப் பார்க்கும். ஒன்றை எடுத்த பிறகும் அந்தக் கோப்பு தங்கியிருந்தால் அழியுங்கள். லைட்ஸ்பீட் கேஷ் வைக்கிறவர்கள் தங்கள் ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதன் பக்க கேஷ் ஓடாது.

நிஜக் காரணம் படங்கள். போன் கேமரா படம் 4000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி. வலைப்பூவுக்கு 1200 பிக்சல் போதும். கூகுளின் ‘ஸ்குவூஷ்’ தளத்தில் படத்தை இழுத்துப் போட்டு அகலம் 1200, வெப்பி வடிவம், தரம் 75 என்று வைத்தால் சாதாரணப் படம் 200 கேபிக்குள் அடங்கும். நுணுக்கமான புள்ளிக் கோலம் மட்டும் 80 கேட்கும், இல்லாவிட்டால் கம்பி ஓரங்களில் அழுக்குப் படிந்தது போலிருக்கும். இன்னொன்று: போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒட்டியிருக்கலாம். வீட்டு வாசல் கோலத்தோடு வீட்டு முகவரியும் போய்விடும். ஸ்குவூஷில் சுருக்கினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும்.

கே: பிளாக்கரில் சொந்த டொமைன் இணைத்தேன். முன்னால் மூன்று ‘டபிள்யூ’ போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் திறக்கவில்லை.
வாசகர், ஆண்டாப் ஹில்

ப: டொமைன் விற்றவரின் டிஎன்எஸ் (தளப் பெயரை சர்வரோடு இணைக்கும் பட்டியல்) பக்கத்தில் நான்கு ‘ஏ’ ரெக்கார்டு சேர்க்க வேண்டும்: 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21. ஏற்கெனவே வேறு ‘ஏ’ ரெக்கார்டு இருந்தால் அழியுங்கள். பிளாக்கர் செட்டிங்ஸில் ‘ரீடைரக்ட் டொமைன்’ இயக்கத்தில் இருக்கட்டும்.

கே: விலையுள்ள தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றை நண்பர் இலவசமாகத் தந்தார். போடலாமா?
வாசகர், கோலிவாடா

ப: வேண்டாம். பூட்டு உடைத்த தீமுக்குள் சூதாட்டத் தளங்களுக்குப் போகும் மறைவு இணைப்புகள் இருப்பது சகஜம். கூகுள்தான் முதலில் கண்டுபிடிக்கும், நீங்கள் கடைசியில்.

கே: வேர்ட்பிரஸ் ‘எக்ஸ்போர்ட்’ கோப்பு மாதாமாதம் எடுக்கிறேன். போதாதா?
வாசகர், மாஹிம்

ப: போதாது. அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் உண்டு, படங்கள் இல்லை. அவை இருக்கும் முகவரிதான் இருக்கும். பழைய சர்வர் போனால் படங்களும் போயின. ‘அப்டிராஃப்ட்பிளஸ்’ இலவசப் பதிப்பில் டேட்டாபேஸ் வாரம் ஒருமுறை, கோப்புகள் மாதம் ஒருமுறை என்று வைத்து, சேமிக்கும் இடமாக கூகுள் டிரைவைக் கொடுங்கள். இடம் எதுவும் கொடுக்காவிட்டால் பேக்கப் அதே சர்வரிலேயே கிடக்கும். எடுத்த பேக்கப்பை வருடம் ஒருமுறையாவது வேறோர் இடத்தில் நிறுவி, தமிழும் படங்களும் வருகின்றனவா என்று திறந்து பாருங்கள்.